மோட்டார் டிரைவில் இருக்கிற வெப் சேர்வரால் அரிசி மில்லுக்குப் பிரயோசனம் உண்டா?

புதிதாகப் பூட்டிய டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) வெப் சேர்வர், அதாவது பிரவுசரில் திறந்து பார்க்கிற பக்கங்கள், இருக்கிறதாம், அது உதவுமா, வெறும் காட்சிக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். ஆனால் எல்லாரும் முதலில் திறந்து பார்க்கிற வட்ட மீற்றர்ப் பக்கம் இல்லை, பழுதுப் பதிவுப் பக்கம்தான்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில். பெரும்போக நெல் குவிந்து கிடந்த மாசி மாதம். உமி அடுப்புக்குக் காற்றடிக்கிற புளோவர் மத்தியானம் திரும்பினால் நின்றுவிடும். மோட்டாரில்தான் பிழை என்று முதலாளி இரண்டு தரம் ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டார். நான் லப்டொப்பைக் கொளுவி, டிரைவின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்தேன். நின்ற ஒவ்வொரு தரமும் கரண்ட், டிசி பஸ் வோல்ட் (லைன் மின்சாரம் டிரைவுக்குள் டிசியாக மாறி நிற்கிற அளவு), ஹீட்சிங்க் (டிரைவின் சூட்டை வெளியேற்றுகிற உலோகத் துண்டு) சூடு எவ்வளவு என்று பதிவாகியிருந்தது. கரண்ட் மோட்டார்த் தகட்டில் உள்ள அளவுக்குக் கீழே. டிசி பஸ் 540 வோல்ட்டுக்குச் சற்று மேலே. 400 வோல்ட் லைனுக்கு அது சரி. சூடு மட்டும் எல்லையில். லைனை வெட்டி, கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க லேபிளில் போட்டிருந்த நேரம் பொறுத்து டிரைவின் மூடியைக் கழற்றினால், இடுக்கெல்லாம் தவிட்டுத் தூள், ஃபேன் இறுகிப் போய்க் கிடக்கிறது. நல்ல மோட்டாரைத்தான் இரண்டு தரம் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்!

கரண்ட் ஏறியிருந்தால் பெல்ட், பெயாரிங் பக்கம் போயிருப்பேன். டிசி பஸ் விழுந்திருந்தால் லைனை, ஒரு ஃபேஸ் போகிறதா என்று பார்த்திருப்பேன்.

டிரைவின் கடிகாரத்தை முதல் நாளே சரிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பதிவில் இருக்கிற நேரத்தை நம்ப ஏலாது. மில்லில் மின்சாரம் நின்றால் அந்தப் பக்கமும் போய்விடும். வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுக்க இடமுள்ள டிரைவ் என்றால் சின்ன பேட்டரி சப்ளை ஒன்று வையுங்கள், கன்ட்ரோல் போர்டு விழித்திருக்கும். நெட்வேர்க் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், இரைச்சலில் இணைப்பு அறும்.

மட்டக்களப்பில் வீட்டிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட் (வெளி இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வர வழி) திறந்துவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் பராமீற்றரும் (டிரைவின் செட்டிங்) மாற்றலாம், கம்பனி போட்ட பாஸ்வேர்ட் மெனுவல் வாசித்த எவருக்கும் தெரியும். அதை மாற்றி, விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் உள்ளே போங்கள். மில் பொடியன்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும். அவசர நிறுத்தத்துக்கு மெசினடியில் இருக்கிற சிவப்புப் பொத்தான்தான், அதை நெட்வேர்க் வழியாக இல்லாமல் நேரடி வயரில் எடுத்திருக்க வேண்டும்; போனை நம்ப வேண்டாம்.