ஆதார் மெய்நிகர் எண் என்றால் என்ன? முழு ஆதாரையும் கொடுக்காமல் சமாளிக்க முடியுமா?

பல இடங்களில் முடியும். மெய்நிகர் எண் என்பது 12 இலக்க ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்கத் தற்காலிக எண். 2018-இல் வந்தது. ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

ஆதார் எண் ஆயுசுக்கும் ஒன்றுதான். அதையே பத்து இடத்தில் கொடுத்தால், பத்துப் பட்டியலையும் ஒட்டிப் பார்த்து உங்கள் ஜாதகத்தையே எடுத்துவிடலாம். மெய்நிகர் எண்ணிலிருந்து ஆதாரைக் கண்டுபிடிக்க முடியாது; சந்தேகம் வந்தால் புதிது எடுக்கலாம். செட்டிநாட்டு வீட்டில் கணக்குப் பேச வந்தவரை முகப்புத் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புவார்கள், வளவுக்குள் விடுவதில்லை. அந்த முறைதான் இது.

இந்த எண் ஓடிபி, கைரேகை வைத்துச் சரிபார்க்கும் இடங்களுக்கு. காரைக்குடி லாட்ஜில் தாளாக நகல் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த நகலைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். தயவுசெய்து அங்கே விட்டுவராதீர்கள்.

மெய்நிகர் எண் எடுத்தால் ஆதார் மாறிவிடும், ரேஷனும் பென்ஷனும் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆதார் எண் அப்படியேதான் இருக்கும், புது மெய்நிகர் எண் எடுத்தால் பழைய மெய்நிகர் எண் மட்டும்தான் செல்லாமல் போகும்.