பணவீக்கம் குறைந்தும் கை கடிப்பது ஏன்?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவருக்கு ஷிப்டுக்கு 460 ரூபாய், 2021-இல் 400 ஆக இருந்தது. எனக்கு 340. முன்பு ஒன்றரை ஷிப்ட் ஓடியது, இப்போது ஒரு ஷிப்ட்தான். 2021-இல் 7 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், வங்கியில் 8 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். மாதம் 6,202 ரூபாய் தவறாமல் கட்டுகிறோம், ஆனால் அசல் குறையவே இல்லை. பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் கட்டுப்படியாகவில்லை? வீட்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், சகோதரி. உங்கள் சிக்கலில் ஒரு பகுதி வங்கியிலேயே தீரக்கூடியது.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கியது என்று பொருள் இல்லை. ஏறும் வேகம் தணிந்தது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. நாட்டின் சராசரிப் பணவீக்கம் 2022-23-இல் 6.7, 2023-24-இல் 5.4, 2024-25-இல் 4.6 விழுக்காடு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் 100 ரூபாய்ச் சாமான் ஏறக்குறைய 118 ரூபாய் ஆகிறது. உங்கள் கணவரின் 400 ரூபாய் 2024-25-இலேயே 470 ஆகியிருந்தால்தான் பழைய நிலையில் நின்றிருப்பீர்கள். கூலி உயர்ந்தும் அவர் பத்து ரூபாய் பின்தங்கியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய அடி அரை ஷிப்ட் போனது. 26 நாள் வேலை என்று வைத்தால் இருவருக்கும் சேர்த்து 31,200 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 20,800 வருகிறது. கூலி விகிதத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் பதறியது இதனால்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அந்த அரை ஷிப்ட். அதை நம்பி எந்தத் தவணையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

இனி கடன். ரெப்போ விகிதம் என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி. 2022 மே மாதம் 4 விழுக்காடாக இருந்த அதை ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக உயர்த்தியது. ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் உங்கள் வட்டி 9.5 ஆகியிருக்கும். நிலுவை 7,70,000 என்று கொள்வோம். ஒரு மாத வட்டி மட்டுமே 6,096 ரூபாய். நீங்கள் கட்டிய 6,202-இல் அசலுக்குப் போனது 106 ரூபாய்! தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டியிருக்கிறார்கள். சுமை தெரியாமலே ஆண்டுகள் கூடியிருக்கின்றன.

ரெப்போ 2025-இல் படிப்படியாக 5.25 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 1.25 விழுக்காடு உங்களுக்குக் கிடைத்திருந்தால் மாத வட்டியில் சுமார் 800 ரூபாய் மிச்சம். கிடைத்ததா என்று கிளையில் கேளுங்கள். இன்றைய வட்டி, நிலுவை, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரெப்போவோடு இணையாத பழைய முறைக் கடனாக இருந்தால் ரெப்போ முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், சிறு கட்டணம் இருக்கலாம். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே தந்திருக்கிறது. வட்டி குறைந்தாலும் தவணையைக் குறைக்கக் கேட்காதீர்கள். அதே 6,202-ஐக் கட்டினால் அசல் கரையத் தொடங்கும்.

தீபாவளி போனஸ் வந்ததும் வீட்டுக் கடனில் போடத் தோன்றும். வாரத் தவணைக் குழுக் கடன் ஏதும் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அந்த வட்டி பெரும்பாலும் 20 விழுக்காட்டைத் தாண்டும். அதன்பின் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை வீட்டுக் கடனின் அசலில் கட்டுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. பணம் கட்டும்போது அது அசலில்தான் வரவு வைக்கப்படுகிறதா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.