அமெரிக்க அனுமதிக் கடிதம் வந்த பின் மகனின் திருமணத்தை எப்போது வைப்பது?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வேலைத் தகுதியின் அடிப்படையில் அமெரிக்காவில் குடியேறுவதற்கான உங்கள் மகனின் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பது மிகவும் மகிழ்ச்சியான செய்தி. எந்த நிறுவனமும் முன்நின்று கேட்காமல், தன் ஆய்வை மட்டுமே காட்டி அவர் இதைப் பெற்றிருக்கிறார். தேசிய நலன் விலக்கு என்ற இந்த வழியில் 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பின்படிதான் மனுக்களை எடைபோடுகிறார்கள். அந்த வழக்கின் மனுதாரரும் ஒரு பொறியியல் ஆய்வாளரே. செய்யும் வேலை நாட்டுக்கு முக்கியமானதா, அதை முன்னெடுக்கும் தகுதி இவருக்கு உண்டா, வேலைவாய்ப்புக் கடிதம் கேட்காமல் விடுவது நாட்டுக்கு நன்மையா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். மகன் ஆராய்வது மின்வலையமைப்பின் பாதுகாப்பு. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியதைப் பார்த்த நமக்கு அந்த ஆய்வின் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கிரீன் கார்ட், அதாவது நிரந்தர வதிவுரிமை அட்டை, இன்னும் கையில் இல்லை. இந்த அனுமதி அவருடைய தகுதியை ஏற்றுக்கொள்கிறது, வரிசையில் ஓர் இடத்தையும் தருகிறது, அவ்வளவுதான். மனுவைக் கொடுத்த நாளே வரிசையில் அவருடைய நாள். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் விசா அறிவித்தலில் அந்த நாள் எட்டிய பிறகுதான் அடுத்த கட்டம். அங்கிருந்தபடியே நிரந்தர வதிவுரிமைக்கான ஐ-485 விண்ணப்பம் கொடுக்கலாம், அல்லது கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு வரலாம். எந்த நாட்டு வரிசை என்பதைப் பிறந்த நாடு தீர்மானிக்கிறது, கடவுச்சீட்டு அல்ல. மகன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் மிக நீண்ட வரிசை அவருக்கு இல்லை.

இனி நீங்கள் கேட்ட விடயம். "கிரீன் கார்ட் வந்த பிறகு பெண் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படித் தள்ளிப்போடாதீர்கள். நிரந்தர வதிவுரிமை கிடைக்கும் முன்னரே திருமணம் பதிவாகியிருந்தால், மனைவி அதே மனுவின் கீழ் அவரோடு சேர்ந்தோ பின்தொடர்ந்தோ போகலாம். கிடைத்த பிறகு மணம் முடித்தால் மகன் மனைவிக்காக வேறொரு குடும்ப மனு போட வேண்டும். அந்த வரிசையில் பிரிந்து காத்திருக்கும் இளம் தம்பதிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சட்டப்படியான பதிவுத் திருமணமே போதும், சடங்கைப் பிறகு வைக்கலாம். மணமகள் தமிழகத்து அகதி முகாமில், அதாவது இந்தியாவில், பிறந்தவராக இருந்தாலும் கணவரின் நாட்டு வரிசையிலேயே சேர முடியும்.

அதற்காக மகனை உடனே விமானம் ஏறச் சொல்லிவிடாதீர்கள். அவர் இன்னும் மாணவர் விசாவில் இருந்தால், குடியேறும் எண்ணத்தை இந்த மனுவே வெளிப்படுத்திவிட்டது. இங்கே வந்து அந்த விசாவைப் புதுப்பிக்கக் கேட்டால் மறுக்கப்படும் ஆபத்து மிக அதிகம். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. ஐ-485 கொடுத்துவிட்ட மாணவர் முன்கூட்டிப் பயண அனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் புலமைப்பரிசில் உதவியில் போயிருந்தால் இரண்டு ஆண்டு தாயகத்தில் வாழும் நிபந்தனையும் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இங்கே செய்யக்கூடிய வேலையும் உண்டு. மகனின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னும் வருவது நம் வீடுகளில் வழக்கம். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள்.

இன்றிரவு மகனிடம் இரண்டைக் கேளுங்கள்: இப்போது எந்த விசாவில் இருக்கிறார், ஐ-485 கொடுத்துவிட்டாரா? அந்தப் பதில்களை அவருடைய குடிவரவுச் சட்டத்தரணி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மண்டபத்துக்கு முற்பணம் கட்டுங்கள்.