ஜன்னலை உடைத்தவருக்கு 10 ஆண்டு, ஊரில் இல்லாதவருக்கு 22 ஆண்டு

கேள்வி: 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் தோற்றதை ஏற்காத அவருடைய ஆதரவாளர்கள் 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அப்போது ஜன்னலை உடைத்தவருக்கு 10 ஆண்டும், அன்றைக்கு வாஷிங்டனிலேயே இல்லாதவருக்கு 22 ஆண்டும் சிறை விதித்தார்களாமே, இது என்ன நியாயம்?

பதில்: எண்களை மட்டும் பார்த்தால் அநியாயமாகத்தான் தோன்றும். காவலரிடமிருந்து பறித்த கேடயத்தால் ஜன்னலை உடைத்தவர் 'பிரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரி அமைப்பின் உறுப்பினர். ஊரில் இல்லாதவர் அதன் தலைவர் என்ரிக் டாரியோ. இரண்டு நாள் முன்னதாக வேறொரு வழக்கில் கைதாகி, வாஷிங்டனை விட்டு வெளியேறும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், அவர் அன்று பால்டிமோரில் இருந்தார்.

இந்த வழக்கின் மையம் உடைந்த கண்ணாடி அன்று. 1861-இல், உள்நாட்டுப் போரின்போது இயற்றப்பட்ட அரசுக்கு எதிரான சதிச் சட்டத்தின்படி, இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ அரசின் அதிகாரத்தை வன்முறையால் எதிர்க்கவோ ஒரு சட்டம் செயல்படுத்தப்படுவதை வன்முறையால் தடுக்கவோ தங்களுக்குள் உடன்பட்டாலே அது குற்றம். அதற்கு அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. சதிக்கு உடன்படுகிறவர் சம்பவ இடத்தில் நிற்க வேண்டும் என்பதில்லை. ஜூரிகள் 2023 மே மாதம் டாரியோ உள்ளிட்ட நால்வரைச் சதிக் குற்றவாளிகள் என்றார்கள். ஜன்னலை உடைத்தவரை அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, மற்றவற்றில் தண்டித்தார்கள். (20 ஆண்டு உச்ச வரம்பு இருக்க 22 எப்படி என்று அடுத்த கேள்வி வரும், டாரியோ மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்கள் நிரூபணமாயின.)

அன்று பங்கேற்ற இன்னொரு தீவிர வலதுசாரி அமைப்பான 'ஓத் கீப்பர்ஸ்' மீதான வழக்கும் இதே போக்கில்தான் சென்றது. அதை 2009-இல் தொடங்கிய ஸ்டூவர்ட் ரோட்ஸ் முன்னாள் ராணுவ வீரர், சட்டம் படித்தவர். அவர் கட்டடத்துக்குள் காலே வைக்கவில்லை. ஆனால் அவருடைய ஆட்கள் ஆற்றின் மறுகரையில், வர்ஜீனியாவிலுள்ள ஒரு விடுதியில் துப்பாக்கிகளைக் குவித்து, அழைப்பு வந்தால் கொண்டுவரத் தயாராக இருந்தார்கள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவர்கள் தமக்குள் அனுப்பிய செய்திகளையும் சாட்சியமாக முன்வைத்தது. அழைப்பு வரவில்லை, துப்பாக்கிகள் ஆற்றைக் கடக்கவும் இல்லை. ரோட்ஸுக்கு 18 ஆண்டு கிடைத்தது. அவரையும் சேர்த்து முதல் விசாரணையில் நின்ற ஐவரில் மூவரைச் சதிக் குற்றத்திலிருந்து ஜூரிகள் விடுவித்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கும்பலாகக் கைதானவர்களை ஆளுக்கு ஆள் பிரித்து எடைபோட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தேர்தலில் மோசடி நடந்தது என்று ஒருவர் நம்புவதும் பேசுவதும் குற்றமா?

பதில்: இல்லை. ஆவேசமாகப் பேசினாலும் குற்றமில்லை. உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் பேச்சைத் தண்டிக்க முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இலேயே கூறிவிட்டது. மிச்சிகனில் 'ஹுட்டாரி' என்ற ஆயுதக் குழுவினர் 2010-இல் கைதானபோது, அரசை எதிர்ப்பது பற்றி அவர்கள் நிறையப் பேசியிருந்தும், திட்டவட்டமான உடன்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று கூறி 2012-இல் நீதிபதி சதிக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். அரசுத் தரப்பு 2021-க்குப் பிறகு செய்திகள், ஒத்திகைகள், குற்றத்தை ஒப்புக்கொண்ட கூட்டாளிகளின் சாட்சியம் என்று இவ்வளவு சேகரித்ததற்கு அந்தப் பழைய தோல்வியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டாரே, இனி எதுவும் செய்ய முடியாதா?

பதில்: 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அவர் ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பும் 14 பேருக்குத் தண்டனைக் குறைப்பும் வழங்கினார். இரண்டும் ஒன்றல்ல. டாரியோவுக்குக் கிடைத்தது முழு மன்னிப்பு. ரோட்ஸுக்குக் கிடைத்தது குறைப்பு, அதாவது சிறை முடிந்தது, தீர்ப்பு அப்படியே நின்றது. ஜூரிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த வேறுபாடுகளை ஒரே கையெழுத்து கலைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதிபரின் மன்னிப்பு கூட்டாட்சிக் குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும், மாநிலக் குற்றங்களைத் தொடாது. ஆனால் வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத தலைநகரம் என்பதால், அங்கே நடந்ததற்குத் தனியாக வழக்குத் தொடுக்க ஒரு மாநில அரசு இல்லை.

மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். மன்னிப்பு அங்கே செல்லாது. 2020 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த பேரணியின்போது, பிரவுட் பாய்ஸ் உறுப்பினர்கள் கறுப்பினத்தவரின் பழைமையான தேவாலயம் ஒன்றின் பதாகையைச் சிதைத்தார்கள். தேவாலயம் தொடுத்த வழக்கில் 2023-இல் 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தீர்ப்பானது. பணம் வந்து சேரவில்லை. 2025 பிப்ரவரியில், மன்னிப்பு வழங்கப்பட்டு இரண்டு வாரத்தில், 'பிரவுட் பாய்ஸ்' என்ற வணிகச் சின்னத்தின் உரிமையையே நீதிபதி அந்தத் தேவாலயத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெயர் பொறித்த சட்டையை விற்க வேண்டுமென்றால், இனி தேவாலயத்தின் அனுமதி வேண்டும்.