அப்டேட் செய்ய ஃபோர்மட் அடிக்கத் தேவையில்லை

கேள்வி: மல்லாவியில் விதைநெல், உரக்கடை வைத்திருக்கிறேன். கனடாவில் இருந்து வந்து நின்ற அண்ணன் மகன், கடைக் கணினியில் ஓலாமா, ஓப்பன் வெப்யூஐ என்று இரண்டைப் போட்டு, இணையம் இல்லாமலே பதில் சொல்லுகிற ஏஐ உதவியாளர் ஒன்றைச் செய்து தந்துவிட்டுப் போனான். யார் எந்த வயலுக்கு என்ன விதை கொண்டுபோனார்கள் என்று பத்து மாதமாக அதில்தான் எழுதி வைக்கிறேன். இப்போது புதிய பதிப்பு வந்திருப்பதாக மூலையில் அறிவித்தல் வந்தபடி இருக்கிறது. கணினி திருத்துகிற இடத்தில், "ஃபோர்மட் அடிச்சுப் புதுசாத்தான் போடவேணும், முப்பதாயிரம் வரும்" என்கிறார்கள். பழையதெல்லாம் அழிந்துபோகுமா?

பதில்: ஃபோர்மட் அடித்தால் அழியும். அப்டேட் செய்தால் அழியாது, அக்கா. இரண்டும் ஒன்றென்று சொல்லுகிறவருக்கு ஒன்றில் வேலை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது தெரியும். நீங்கள் பாவிக்கிற இரண்டு மென்பொருளும் இலவசமாகக் கிடைப்பவை. அரைமணி நேர வேலைக்குக் கூலி கேட்கட்டும், குறையில்லை. முப்பதாயிரம் எதற்கு?

அது பத்து மாதம் உங்களோடு பழகி எல்லாவற்றையும் படித்துவிட்டது என்று நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். அது எதையும் படிக்கவில்லை. கெட்டிக்காரன், ஆனால் நேற்றைய நாள் ஞாபகமில்லாத கடைப்பொடியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கொப்பியில் அந்த உரையாடலை வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். ஓலாமாவில் இருக்கிற மொடல்தான் அந்தப் பொடியன். ஓப்பன் வெப்யூஐ நீங்கள் எழுதுகிற மேசை. உங்கள் உரையாடல்கள்தான் கொப்பி, அது தனியே ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அப்டேட்டில் மாறுவது மேசை மட்டும்.

ஒரேயொரு இடத்தில்தான் இது பிழையாகப் போகும். மேசை பெரும்பாலும் டொக்கர் என்கிற கூட்டுக்குள்தான் ஓடும். நிறுவும்போது கட்டளையில் 'மைனஸ் வி' (-v) என்று ஒரு துண்டு சேர்த்திருந்தால் கொப்பி கூட்டுக்கு வெளியே இருக்கும். அந்தத் துண்டை விட்டிருந்தால் கொப்பியும் கூட்டுக்குள்ளேயே. கணினியை நிற்பாட்டிப் போட்டாலும், கரண்ட் போய் வந்தாலும் ஒன்றும் நடக்காது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆட்கள் ஏமாறுவது இதில்தான். அப்டேட் என்பது பழைய கூட்டை அழித்துப் புதுக்கூடு வைப்பது, அன்றைக்குத்தான் கொப்பியும் சேர்ந்து போகும். மாங்குளத்தில் ஒருவருக்குப் போனது. கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையில் அவருடைய பழைய கட்டளையைத் தேடிப் பார்த்தேன், 'வி' இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே முதலில் டொக்கர் டெஸ்க்டொப்பைத் திறந்து, இடது பக்கத்தில் 'வொல்யூம்ஸ்' என்பதை அழுத்துங்கள். அங்கே 'ஓப்பன் வெப்யூஐ' என்ற பெயர் கிடந்தால் கொப்பி வெளியேதான் இருக்கிறது. பட்டியல் வெறுமையாக இருந்தால் எதையும் அழிக்க விடாதீர்கள். 'கொன்டெய்னர்ஸ்' போய், உங்களுடையதைத் திறந்து, 'ஃபைல்ஸ்' என்ற பக்கத்தில் ஆப், அதற்குள் பக்கென்ட், அதற்குள் டேட்டா. அந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் சேமியுங்கள். பெயர் இருந்தாலும் ஒரு பிரதி எடுக்கத்தான் வேண்டும். ஓப்பன் வெப்யூஐயின் செட்டிங்ஸில் உரையாடல்களை ஏற்றுமதி செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது, இரண்டு நிமிடம் ஆகாது. கிளிநொச்சியில் ஆறு மாதம் கணினி டிப்ளோமா படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் பிரதி எடுக்கத் தெரியுமா என்று கேட்டால் முழிக்கிறார்கள். வேர்டில் எழுத்துக்குக் கலர் போடத் தெரிகிறது.

இன்னொன்று. ஓப்பன் வெப்யூஐயில் முதலாவதாகக் கணக்குத் திறக்கிறவரே நிர்வாகி ஆகிவிடுவார். சில திருத்துநர்கள் புதிதாகப் போட்டுத் தரும்போது முதல் கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்துவிட்டு, உங்களுக்கு இரண்டாவதைத் தருவார்கள். நிர்வாகி மற்றவர்களின் உரையாடல்களையும் பார்க்கலாம். யார் உங்களுக்கு எவ்வளவு கடன் என்பதை ஊருக்கே சொன்ன மாதிரி. பிறகு ஒவ்வொரு சின்ன வேலைக்கும் அவரிடமே போகவேண்டி வரும். முதல் கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். வீட்டில் இருந்து போனில் பார்க்கலாம் என்று சொல்லி றூட்டரில் வாசல் திறந்துவிட வந்தாலும் விடாதீர்கள். ஓலாமாவுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அதன் 11434 என்ற வாசல் இணையத்துக்குத் திறந்தால் வருகிறவன் போகிறவன் எல்லோரும் பாவிப்பான். போனில் வேண்டுமென்றால் டெய்ல்ஸ்கேல் போடச் சொல்லுங்கள், உங்கள் போனையும் கணினியையும் மட்டும் இணைக்கிற தனிவழி அது, தனியாள் பாவனைக்கு அது இலவசம்.

மொடலை மாற்றத் தேவையில்லை, பழையது எத்தனை வருடமானாலும் ஓடும். மாற்ற ஆசையென்றால் கூகிளின் ஜெம்மா 3 என்ற மொடலில் 4 பில்லியன் அளவு இருக்கிறது, இறக்க 3 ஜீபிக்குச் சற்று மேலே, 8 ஜீபி றாம் போதும். ஓலாமா பாதியில் நின்ற இறக்கத்தை விட்ட இடத்தில் இருந்து தொடரும். எங்கள் பக்கத்துக் கரண்டுக்கு அது பெரிய புண்ணியம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கொப்பிக்கே பழுது வரலாம். அந்த முப்பதாயிரத்தில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். கடன் தொகையை மட்டும் உண்மைக் கொப்பியிலும் எழுதுங்கள். இந்தச் சின்ன மொடல்கள் கூட்டல் கழித்தலில் கூச்சமில்லாமல் பொய் சொல்லும்.

காலபோக விதைப்பு தொடங்கிக் கடையில் சனம் கூட முதல் இதைச் செய்துவிடுங்கள். பிரதி எடுத்த பிறகு அண்ணன் மகனையே திரையைப் பகிர்ந்து செய்யச் சொல்லலாம், பழைய கட்டளை அவனிடம்தான் இருக்கும். கோடையில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. டொக்கர் புதுக்கூட்டை இறக்கவும் சில ஜீபி போகும், உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா எத்தனை மணி வரை என்று பார்த்துவிட்டு அவனுக்கு அழைப்பு எடுங்கள்.