பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பேபி ஷவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு ஒரு அளவுகோல்தான் உண்டு. குழந்தை பிறந்து மூன்று வாரம், இரவு இரண்டு மணி, தாய் அரைத் தூக்கத்தில் எழுந்திருக்கிறார். நீங்கள் கொடுத்த பொருள் அப்போது அவருக்குக் கைகொடுக்குமா? இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

தோழிக்கு அடுத்த மாதம் பிரசவம். 'நியூபார்ன்' அளவில் ஆறு செட் உடை எடுத்துவிட்டேன். போதுமா?

அதிகம். இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பெரிய அளவுக்கு மாற்றிவிடுங்கள். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் பழைய எடைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு முதல் சில மாதங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏறும். அதனால் நியூபார்ன் உடை பல குழந்தைகளுக்குச் சில வாரங்களே பொருந்தும். கொஞ்சம் பெரிதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் நாளே இறுக்கமாக இருக்கலாம். எல்லோரும் அதே அளவில்தான் வாங்குவார்கள் என்பதால், நீங்கள் 3–6 மாதம், 6–9 மாதம் என்று எடுங்கள். குழந்தைக்கு அந்த வயது வரும்போது குளிர்காலமா வெயில்காலமா என்று மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசைனைப் பார்க்கும் முன் உடை எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் முழுதும் திறக்கும் ஜிப் அல்லது பிரஸ் பட்டன் நல்லது. முதுகில் வரிசையாகப் பட்டன், கழுத்தில் நாடா, ஒட்டிய மணிகள் எல்லாம் வேண்டாம். சில பாடிசூட்களில் (மேலுடம்பை மூடி, தொடைகளுக்கு நடுவே பட்டன் போடும் ஒற்றை உடை) தோள்பட்டைத் துணி ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டயபர் வழிந்து முதுகு வரை மலம் ஏறிவிட்டால், உடையைத் தலைவழியாக இழுக்காமல் தோளை விரித்துக் கால்வழியாக இறக்கிவிடலாம். இப்படித் தோள் விரியும் உடையாகப் பார்த்து வாங்கினால் தாய் உங்களை நன்றியோடு நினைப்பார். சாக்ஸ் வாங்கினால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் ஒன்று பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

டயபர் கொடுத்தால் ஏனோதானோ என்று கொடுத்த மாதிரி இருக்குமோ?

இருக்காது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 டயபர் வரை ஆகும். முதல் மாதத்துக்கு மட்டும் ஏறத்தாழ 300. எந்த வீட்டிலும் இது மிஞ்சிக் கிடக்காது. ஒரே அளவில் குவிக்காமல் சின்னது ஒரு பாக்கெட், அடுத்த அளவு இரண்டு பாக்கெட் என்று கலந்து, மாற்றிக்கொள்ள ரசீதோடு கொடுங்கள். வாசனை சேர்க்காத வைப்ஸும் (துடைக்கும் ஈரத்தாள்), துத்தநாக ஆக்ஸைடு உள்ள டயபர் க்ரீமும் சேர்த்தால் நிறைவான பரிசு. துணி நாப்பிதான் என்று பெற்றோர் முடிவு செய்திருக்கலாம். முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து தொட்டில் படுக்கை செட் வாங்கப்போகிறோம். தலையணை, சுற்றிலும் கட்டும் பஞ்சுத் தடுப்பு, மெத்தென்ற போர்வை, பொம்மை எல்லாம் ஒரே நிறத்தில் வருகிறது. நல்ல தேர்வுதானே?

தயவுசெய்து இதை வாங்காதீர்கள். இந்த முறை வந்த கேள்விகளில் என்னை உண்மையிலேயே கவலைப்படவைத்தது இதுதான்.

சில வாரக் குழந்தையின் மூக்கு மெத்தென்ற துணியில் புதைந்தால், தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெம்பு போதாது. தான் வெளியே விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். சத்தம் வராது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, போர்வை, பஞ்சுத் தடுப்பு, பொம்மை எதுவும் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கெட்டியான சமதள மெத்தை, அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு, அதில் மல்லாந்து படுத்த குழந்தை. தொட்டிலில் இவ்வளவுதான் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் குழந்தைகள் திடீரென இறப்பது அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பஞ்சுத் தடுப்புகளையும் சாய்வான தூக்கப் படுக்கைகளையும் விற்கக் கூடாது என்று 2022-ல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள்.

"நாங்கள் எல்லாம் தலையணை வைத்துத்தானே வளர்த்தோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான், அவர்களிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் தொட்டிலில் இருந்து தலையணையை எடுத்துவிடுங்கள். தலை தட்டையாகாமல் தடுக்கும் என்று சொல்லி விற்கும் குழிவான தலையணையும் இதில் சேர்த்திதான். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, குழந்தையைக் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவதுதான் அதற்கு வழி.

சேர்த்த பணத்தில் தொட்டிலுக்கு அச்சாகப் பொருந்தும் கெட்டி மெத்தை வாங்குங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கூடவே மூன்று விரிப்புகள். ராத்திரி ஒன்று நனைந்து, மாற்றியதும் நனைந்தால்கூட மூன்றாவது கையில் இருக்கும். போர்வைக்குப் பதில், உடை போல மாட்டிவிடும் தூக்கப்பை கொடுக்கலாம்.

குழந்தையைச் சுற்றிவைக்கும் துணி எத்தனை வாங்கலாம்?

மெல்லிய பருத்தி மஸ்லினில் பெரிய சதுரமாக மூன்று, நான்கு. சுற்றுவதற்கு, துடைப்பதற்கு, பால் கொடுக்கும்போது மேலே போட்டுக்கொள்வதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஆகும். சுற்றும்போது கைகள் இருக்கும் பகுதி சற்று அடக்கமாக இருக்கலாம். இடுப்பும் காலும் தளர்வாக இருக்க வேண்டும். முட்டியை மடக்கி விரிக்க முடியாதபடி காலை நேராக நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு பாதிக்கப்படலாம். குழந்தை புரள முயற்சி செய்யத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். எடை சேர்த்துத் தைத்த சுற்றுத்துணிகளும் இப்போது விற்கிறார்கள், அவை வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு, பவுடர், லோஷன் எல்லாம் வைத்த அழகான கூடை கொடுக்கலாமா?

கூடை கொடுங்கள், உள்ளே இருப்பதை மாற்றிவிடுங்கள். பிறந்து 24 மணி நேரம் கழித்துத்தான் முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொப்புள் கொடி விழ ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும். அப்புறம் பவுடர். அதன் நுண்துகள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும் என்பதால் தேவையே இல்லை. வாசனைப் பொருட்கள் பிஞ்சுத் தோலை உறுத்தும். கூடையில் தொப்பி வைத்த துண்டு இரண்டு, மிருதுவான சின்னத் துணிகள், வாசனையில்லாத ஒரு சோப்பு திரவம், நகம் தேய்க்கும் அரம் வையுங்கள். இந்த அரத்தை யாரும் வாங்கித் தருவதில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே குழந்தை தன் முகத்தைக் கீறிக்கொள்ளும்.

என் தங்கை தாய்ப்பால்தான் கொடுப்பேன் என்கிறாள். பால் பாட்டில் செட்டும் பம்ப்பும் வாங்கிக் கொடுக்கட்டுமா?

பாட்டில் செட்டை இப்போது வாங்காதீர்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் வாரங்களில் தாய்க்குத் தன்னம்பிக்கை தள்ளாடும். அலமாரியில் பாட்டில் வரிசையாக நின்றால், "பால் போதவில்லை போலிருக்கிறது" என்று யாராவது சொல்ல அதுவே காரணமாகிவிடும். தேவை வந்தால் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

பம்ப் நல்ல பரிசுதான், தங்கையிடம் கேட்ட பிறகு. மார்பில் பொருந்தும் புனல் பகுதி ஆளுக்கு ஆள் அளவு மாறும். தவறான அளவு வலிக்கும், பாலும் சரியாக வராது. பால் கொடுக்கும்போது கைக்கு அண்டை கொடுக்கும் தலையணையும் தோளில் போடும் துணிகளும் நிச்சயம் பயன்படும். அந்தத் தலையணையில் குழந்தையைத் தூங்க மட்டும் விடக் கூடாது.

அக்கா வீட்டில் பழைய குழந்தைப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. கொடுத்தால் தப்பா?

உடை, குளியல் தொட்டி, துணிப் புத்தகம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்தி உடை புதியதைவிடக் குழந்தைக்கு இதமாக இருக்கும். காருக்கான குழந்தை இருக்கை வேறு விஷயம். ஒரு விபத்தில் அடிபட்ட இருக்கை வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அதற்குக் காலாவதி தேதியும் உண்டு. அக்காவுடையது என்றால் அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும், தேதியைப் பார்த்து முடிவு செய்யலாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம். பழைய தொட்டிலில் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குவதாக இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள்.

நடைவண்டி? சக்கரம் வைத்து, குழந்தையை நடுவில் உட்காரவைப்பது.

வேண்டாம். சீக்கிரம் நடக்க அது உதவுவதில்லை, படிக்கட்டில் உருண்டு விழ வைக்கிறது. கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை.

பொம்மை வாங்கத்தான் எனக்கு ஆசை. எது வாங்கலாம்?

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். தாயின் மடியிலிருந்து முகம் வரை உள்ள தூரம் அது. கறுப்பு வெள்ளையில் பெரிய உருவங்கள் உள்ள அட்டைகளையோ துணிப் புத்தகத்தையோ கண்கொட்டாமல் பார்க்கும். பேட்டரி போடும் பொம்மை என்றால் மூடி திருகாணி போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும்.

மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்கும் சாக்ஸ் கருவி கொடுக்கலாமா?

வீட்டில் பயன்படுத்தும் இந்தக் கருவிகள் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பொய்யாக அலாரம் அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும். அதற்குப் பதில் நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கொடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிக் கொடுங்கள்.

எல்லோரும் குழந்தைக்கே வாங்குகிறார்கள். தாய்க்கு ஏதாவது கொடுக்க நினைக்கிறேன்.

இப்படி யோசித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் வரை ரத்தப்போக்கு இருக்கும். தையல் வலிக்கும், உட்காரவே சிரமம். பெரிய அளவு மகப்பேறு நாப்கின், உயர்ந்த இடுப்புள்ள பருத்தி உள்ளாடை, தையல் இடத்தைக் கழுவ வளைந்த மூக்குள்ள தண்ணீர் பாட்டில், முன்பக்கம் திறக்கும் இரவு உடை என்று எடுத்துக்கொடுங்கள். வாங்கும்போது கூச்சமாக இருக்கும், அவருக்கோ வேறு எதையும்விட இவைதான் உதவும். ஒரு கையால் திறந்து குடிக்கக்கூடிய தண்ணீர் பாட்டிலும், நீளமான போன் சார்ஜர் வயரும் சின்னப் பொருட்கள்தான். குழந்தை மார்பில் தூங்கிவிட்டால் எழ முடியாதவருக்கு அவற்றின் அருமை தெரியும்.

அடுத்த ஒரு மாதம் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். முதல் சில நாட்கள் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் சோகம், பயம், எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

தம்பிக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டது. இன்னும் மருத்துவமனையில் இருக்கிறது. வாங்கிவைத்த பரிசை இப்போது கொடுப்பதா?

கொடுக்கலாம், அவசரமில்லை. இப்போது அவர்களுக்குத் தேவை மருத்துவமனைக்குப் போய்வர வண்டி, வேளைக்குச் சாப்பாடு, வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள். வாழ்த்துச் சொல்லத் தயங்காதீர்கள். அவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது.

கையில் பணம் இல்லை. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று செவ்வாய்க்கிழமை மதியம் வந்து துணி துவைத்து மடித்துவைக்கிறேன், நீ தூங்கு என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் கேள்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், நாளும் வேலையும் குறிப்பிட்டால் மறுக்கமாட்டார்கள்.

குழந்தையைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் கக்குவான் இருமல் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு வெறும் இருமலாகத் தெரியும் இந்த நோய், பச்சிளம் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடும். ஊசி வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால், பிரசவத் தேதிக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சளி இருந்தாலோ உதட்டில் கொப்புளம் இருந்தாலோ அன்றைக்குப் போகாதீர்கள், சரியான பிறகு போய்க்கொள்ளலாம்.