சராசரி 62 என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். இரண்டிலும் கணக்குச் சராசரி 62. ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு பிரிவில் எல்லோரும் 55-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கலாம். இன்னொன்றில் பாதிப் பேர் 90, மீதிப் பேர் 34 வாங்கியிருந்தாலும் சராசரி அதே 62தான். அங்கே 62 வாங்கிய பிள்ளை ஒன்றுகூட இல்லை!

மதிப்பெண் பட்டியலை மூடிவிட்டு விடைத்தாள்களை எடுங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தக் கேள்வியில் யார் தவறினார்கள் என்று குறியுங்கள். அரைமணி நேர வேலை. 0.4, 0.35 இரண்டில் பெரியது எது என்றால் 0.35 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. முப்பத்தைந்து நாலைவிடப் பெரியதாயிற்றே! முழு எண்ணில் பழகிய கணக்கைத் தசமத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். பத்துப் பேர் இப்படி எழுதியிருந்தால் நாளைக்கு எதை நடத்துவது என்பது தெரிந்துவிட்டது: இடமதிப்பு. முன்னேற்ற அறிக்கையில் 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதுவதால் இது சரியாகாது.

கேள்வி: கடைசிப் பத்து இடங்களில் இருந்தவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைத்தோம். அடுத்த தேர்வில் எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். வெற்றிதானே?

இருக்கலாம், ஆனால் அதற்குள் மாலை போட்டுக்கொள்ளாதீர்கள். அன்று காய்ச்சலோடு எழுதியவர்கள், படிக்காத பகுதியே கேள்வியாக வந்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அந்தப் பத்தில் இருப்பார்கள். அவர்கள் வகுப்பு வைக்காவிட்டாலும் ஏறியிருப்பார்கள். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் உயரத்தை ஆராய்ந்தபோது கண்டதும் இதுதான்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்று இறங்கியிருந்தார்கள். அடுத்த முறை ஒரே தேர்வை நம்பாமல் இரண்டு மூன்று தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஆளெடுங்கள். அப்புறம், அதே நிலையில் இருந்தும் சிறப்பு வகுப்புக்கு வராதவர்கள் எவ்வளவு ஏறினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வருகை 95 சதவீதம். கவலையில்லைதானே?

40 பேரில் 4 பேர் பாதி நாள் வராமல் இருந்தாலும் 95 வரும். பெயர்வாரியாகப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து நாள் வராத பிள்ளை என்றாலே வீட்டில் பேச வேண்டிய நேரம்.

கேள்வி: இதற்கெல்லாம் எந்த மென்பொருள் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம், எக்செல் போதும். சேர்க்கப்போகும் ஒவ்வொரு தகவலுக்கும் நேராக, அதைப் பார்த்து யார் எதை மாற்றப்போகிறார் என்று எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தத் தகவலுக்கான நெடுவரிசையையே அழித்துவிடுங்கள். ஆசிரியருக்கு ஒரு படிவமாவது மிச்சம்.